பாட்டியின் ரேந்தை, கடை நெட்டு: வீட்டில் தைத்த கல்யாண முக்காடு – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். லெந்து நாட்கள் முடிந்து, மே மாதத்தில் ஆலயத்தில் திருமணம் என்று முடிவாகியிருந்தது. மணப்பெண்ணுக்கு வயது 27. தங்க ஜரிகை போட்ட சந்தன வெள்ளைப் பட்டுச் சேலை எடுத்தாயிற்று. சேலைக்கு மேல் தலையிலிருந்து தொங்கும் முக்காட்டை வீட்டில் எல்லாரும் ‘நெட்டு’ என்றுதான் சொல்வார்கள். அதைக் கடையில் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற பேச்சில்தான் இது தொடங்கியது.

பெட்டியில் பாட்டியின் ரேந்தை, அதாவது லேஸ், ஒன்று இருந்தது. பருத்தி நூலில் கையால் பின்னியது, 4 செ.மீ. அகலம், மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். பாட்டி இடையன்குடிப் பக்கத்தவர். அந்த வட்டாரத்து ரேந்தைக்குப் பழைய வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டன் மிஷனின் மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா கால்டுவெல் அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். திண்டில் ஊசிகளைக் குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. இந்த ரேந்தையை நெட்டின் ஓரத்தில் வைக்க வேண்டும் என்பது மணப்பெண்ணின் ஆசை. கடை நெட்டுகளில் ஓரவேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். ஆகவே வீட்டிலேயே தைப்பது என்று முடிவானது. கைவசம் ஆறு வாரம்.

வீட்டில் இருந்தது காலால் மிதிக்கும் பழைய தையல் மிஷின். நேர்த்தையல் மட்டும் போடும். அம்மாவுக்கு ஜாக்கெட், பாவாடை தைத்த பழக்கம் உண்டு. நெட்டைத் தொட்டது இதுவே முதல் முறை.

முதல் திட்டமும் அதில் கழிந்தவையும்

படங்களைப் பார்த்துப் போட்ட முதல் திட்டம் பெரியது: இரண்டு அடுக்கு நெட்டு, முகத்தை மறைக்கும் முன்மடிப்பு, சுற்றிலும் ஜிபிஓ லேஸ் என்னும் கனமான பூவேலை லேஸ், தரையில் ஒரு மீட்டர் இழுபடும் வால்.

முதலில் போனது ஜிபிஓ லேஸ். கடையில் வாங்கி வந்த 6 மீட்டரைச் சமையலறைத் தராசில் வைத்தபோது 210 கிராம் காட்டியது. நெட்டின் எடையோ 70 கிராம்தான். ஓரம் இத்தனை கனமாக இருந்தால் நெட்டு பரந்து நிற்காமல் கயிறுபோல் நேராகத் தொங்கும். அந்த இழுப்பு முழுவதும் தலையிலிருக்கும் சீப்பில்தான் விழும். பாட்டியின் ரேந்தை 45 கிராம்தான் இருந்தது.

முன்மடிப்பை வேண்டாம் என்றவர் மணப்பெண்ணேதான். ஜிமிக்கியின் கொக்கியும் நெற்றிச்சுட்டியும் வலைக்கண்ணில் மாட்டும். முகத்தில் கிடப்பதை முன்னிருந்து பின்னால் தூக்கும் அந்த ஒரு நொடிக்காகக் காலை முழுக்க அதைச் சுமக்க அவருக்கு மனமில்லை. இரண்டாவது அடுக்கும் போயிற்று. இரண்டு அடுக்குச் சுருக்கமும் ஒரே சீப்பில் ஏறினால் உச்சியில் பந்துபோல் எழும்பும்.

வாலை ஒரு மீட்டரிலிருந்து 75 செ.மீ. ஆக்கினார்கள். அந்தக் குறைப்பும் போதாது என்பது திருமணத்தன்று தெரிந்தது.

அளவு: கொசு வலையில் ஒத்திகை

நல்ல நெட்டை வெட்டுவதற்கு முன் கிழிந்த கொசு வலை ஒன்றில் மாதிரி செய்து பார்த்தார்கள். இந்த வேலை முழுவதிலும் அதிகப் பலன் தந்தது இதுதான். வலையைத் தலையில் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்ற மகளைப் பார்த்து, “இதுக்குத்தானா இவ்வளவு படிக்க வச்சேன்” என்று அப்பா கேட்டுவிட்டுப் போனாராம்.

மணப்பெண்ணின் உயரம் 157 செ.மீ. உச்சிக்குச் சற்றுப் பின்னால் சீப்பு நிற்கும் இடத்திலிருந்து வெறுங்காலில் தரைவரை டேப் பிடித்தபோது 150 செ.மீ. வந்தது. முதலில் குறித்துவைத்த அளவு அதுதான். கொசு வலையைப் போட்ட பிறகுதான் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. அன்று போடும் செருப்பின் குதிகால் 6 செ.மீ. அடுத்தது கொண்டை: நெட்டு சீப்பிலிருந்து நேராக விழுவதில்லை, கொண்டைமேல் ஏறி வளைந்து இறங்குகிறது. பூச்சரம் சுற்றிய கொண்டைக்கு அந்த வளைவு மட்டும் 8 செ.மீ. ஆக, தரைவரை 164 செ.மீ. முதல் அளவையே நம்பி வெட்டியிருந்தால் வாலில் 14 செ.மீ. குறைந்திருக்கும்.

164 செ.மீ. உடலுக்கு, 75 வாலுக்கு, ஒன்றரை சுருக்கத் தையலுக்கு. மொத்தம் 240.5 செ.மீ. பிழைக்கு இடம் விட்டு 242 என்று எடுத்துக்கொண்டார்கள்.

துணி

கடைகளில் ‘நெட்’ என்று கேட்டால் பல வகை எடுத்துப் போடுவார்கள். பாவாடைக்குள் வைத்து விறைப்பாக நிறுத்தும் கேன்கேன் நெட் முக்காட்டுக்கு ஆகாது. தலையில் கூடாரம்போல் நிற்கும். மோனோ நெட் மினுங்கும். விளக்கொளி பட்டால் பிளாஸ்டிக் போலத் தெரியும். விரலில் போட்டால் தானாகச் சரியும் சாஃப்ட் நெட்தான் வேண்டும். சோதிப்பது எளிது. ஒரு கைப்பிடி நெட்டைக் கசக்கி விட வேண்டும்; கோடு விழாமல் விரிந்தால் சரி. ஒரு கை அகலத்துக்கு அதைத் தூக்கிப் பிடித்து, மறுபக்கம் நிற்பவரின் சேலைக்கரை தெளிவாகத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். முக்காட்டுக்குப் பின்னால் முந்தானையின் ஜரிகை தெரியாவிட்டால் அந்தச் சேலை எடுத்ததற்குப் பயனில்லை.

எடுத்தது 60 அங்குல, அதாவது 152 செ.மீ. அகலமுள்ள சாஃப்ட் நெட். 3 மீட்டர், மீட்டருக்கு 140 ரூபாய். வெட்டத் தேவையானது 2.42 மீட்டர்தான். மீதி சோதனைக்கு. இந்த அரை மீட்டர் இல்லாமல் இனி வரும் எந்த முடிவும் எடுத்திருக்க முடியாது.

நைலானா பாலியெஸ்டரா என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்துத் தீயருகே கொண்டுபோனார்கள். தீயிலிருந்து விலகிச் சுருண்டு உருகியது, கரும்புகை வரவில்லை, முனையில் சாம்பல் நிறத்தில் கெட்டியான மணி நின்றது. நைலான். பாலியெஸ்டராக இருந்தால் கரும்புகையும் கருத்த மணியும் வரும். இது தெரிந்தாக வேண்டியிருந்ததற்குக் காரணம் நிறம்.

நிறம் சேரவில்லை

நெட்டு தும்பை வெள்ளை. சேலை சந்தன வெள்ளை. ரேந்தையோ வயதால் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் சமாளிக்கலாம் போலிருந்தது; டியூப் லைட்டின்கீழ் நெட்டு நீலம் பாய்ந்து சேலையை அழுக்காகக் காட்டியது. ஆலயத்திலும் டியூப் லைட்தான்.

ரேந்தையை வெளுப்பதா, நெட்டை மங்கவைப்பதா என்ற கேள்வி வந்தது. குளோரின் வெளுப்பான் பழைய பருத்தி நூலை நைந்துபோகச் செய்யும். அந்த வழியை விட்டார்கள். நைலானில் தேயிலைச் சாயம் பிடிக்கும், பாலியெஸ்டரில் அவ்வளவாகப் பிடிக்காது. தீச்சோதனை செய்தது இதற்காகத்தான்.

20 கிராம் தேயிலைத்தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவைத்து, துணியில் இருமுறை வடிகட்டினார்கள். ஒரு தூள் தங்கினாலும் நெட்டில் பழுப்புப் புள்ளியாக நின்றுவிடும். வடிகட்டியதை அண்டாவில் 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்தார்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகவில்லை. சூடு கூடினால் நெட்டில் விழும் மடிப்பு பின்னர் போகாது. நான்கு துண்டுகளை முறையே 1, 2, 4, 6 நிமிடம் முக்கி, நிழலில் காயவைத்து, சேலைமேலும் ரேந்தைமேலும் வைத்துப் பார்த்தார்கள். ஈரத்தில் எல்லாம் கருத்தே தெரியும். காய்ந்தபின் பார்ப்பதுதான் கணக்கு. 2 நிமிடத் துண்டு சேலையோடு சேர்ந்தது, 4 நிமிடத் துண்டு ரேந்தையோடு. இரண்டுக்கும் நடுவே 3 நிமிடம் என்று வைத்தார்கள்.

முழு நெட்டையும் முதலில் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டே சாயத்தில் இறக்கினார்கள். காய்ந்த நெட்டை அப்படியே இறக்கினால் முதலில் முங்கும் பகுதி அதிகம் குடித்துவிடும். 3 நிமிடமும் இருவர் கையால் அலசிக்கொண்டே இருந்தார்கள். பிறகு 50 மி.லி. வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு அலசு, பச்சைத் தண்ணீரில் இரண்டு. முறுக்கிப் பிழியவில்லை. கொடி இரும்புக்கம்பி என்பதால் அதில் போடாமல், நைலான் கயிறு இரண்டை இணையாகக் கட்டி அவற்றின்மேல் விரித்தார்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு இடத்தில் விரல் அகலத்துக்குக் கோடு விழுந்தது. அண்டா சிறியது, நெட்டின் ஒரு முனை மடிந்தே கிடந்திருக்கிறது. அந்த முனையைச் சுருக்கம் வரும் மேல்பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். சீப்புக்கு அடியில் அது தெரியவில்லை.

ரேந்தையைத் தனியே துவைத்தார்கள். மென்மையான சோப்புத் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மூன்றுமுறை மாற்றினார்கள். ஈர ரேந்தையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கக் கூடாது. தன் கனத்திலேயே நூல் அறுந்துவிடும். துண்டோடு சேர்த்தே எடுத்து, அந்தத் துண்டிலேயே விரித்துக் காயவைத்தார்கள். பழைய குண்டூசியின் துருக்கறை இருந்த 6 செ.மீ. முனையை வெட்டினார்கள். காய்ந்தபின் இருந்தது 3.28 மீட்டர், துவைப்பதற்கு முன், முனையைக் கழித்தால், 3.40. அதாவது 12 செ.மீ. சுருங்கியிருக்கிறது. தைத்தபின் முதல்முறை துவைத்திருந்தால் ரேந்தை மட்டும் சுருங்கி, நைலான் அப்படியே நின்று, ஓரம் முழுவதும் சுருண்டிருக்கும்.

வெட்டு

நெட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, தரையில் நீலச் சார்ட்டுத்தாள் பரப்பி அதன்மேல் விரித்தார்கள். வெள்ளைத் தரையில் வெள்ளை வலையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. குண்டூசி வலைக்கண் வழியே கீழே விழுந்துவிடுவதால் துணிக் கிளிப்புகளும், ஓரங்களில் அரிசி டப்பாக்களும் வைத்தார்கள். குறியிட்டது சாக்குக்கட்டியால் அல்ல, வண்ண நூலால் பெரிய தையல்கள் போட்டு.

கீழ் மூலைகளை 45 செ.மீ. ஆரத்தில் வட்டமாக்கினார்கள். ஒரு நூலில் பென்சில் கட்டிச் சுற்றினால் போதும். மேல்பக்கத்தில் முழு 152 செ.மீ. அகலத்தையும் சீப்புக்குக் கொண்டுபோகவில்லை. மேல் விளிம்பில் 110 செ.மீ. மட்டும் வைத்து, அங்கிருந்து 40 செ.மீ. இறங்குவதற்குள் முழு அகலத்துக்கு மெல்ல விரியும்படி இருபுறமும் வளைவாக வெட்டினார்கள். செவ்வகமாகவே விட்டால் மேல் மூலைகள் இரண்டும் காதுமாதிரி தோளுக்கு முன்னால் வந்து தொங்கும். கை தூக்கினால் மாட்டும், மாலை போட்டால் நசுங்கும்.

சாஃப்ட் நெட்டின் வெட்டுவாய் பிரியாது. ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. மடித்தால்தான் கோடாகத் தெரியும். இதை நம்ப அம்மாவுக்கு இரண்டு நாள் ஆனது.

ரேந்தை தைத்தது: முதல் தோல்வி

வளைந்த கீழ்ப்பகுதிக்கு எவ்வளவு ரேந்தை வேண்டும் என்று கணக்கிட்டார்கள். நடுவே நேராக 62 செ.மீ., இரு மூலைகளுக்கும் தலா 71 செ.மீ.; மொத்தம் 204. மீதி 124 செ.மீ.யைப் பக்கத்துக்கு 62 ஆகப் பிரித்து மேலே ஏற்றுவது, அதற்குமேல் வெறும் விளிம்பு. முழு வட்டத்துக்கும் கடையில் ஒத்த லேஸ் தேடி ஒட்டவைக்கும் யோசனையைக் கைவிட்டார்கள். கைப்பின்னலுக்குப் பக்கத்தில் மிஷின் லேஸ் நின்றால் இரண்டும் கெடும்.

மிஷினில் தைக்கத் தொடங்கி 40 செ.மீ. போனதும் நிறுத்தினார்கள். ஓரம் கிண்ணம்போல் உள்ளே வளைந்துவிட்டது. இதில் இரண்டு பிழைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

ஒன்று மிஷினால் வந்தது. ஊசித்தட்டின் துளைக்குள் நெட்டு இறங்கிச் சிக்கியது. அதை விடுவிக்க அம்மா பின்னாலிருந்து இழுத்தார். அகலவாக்கில் நெட்டு நீளக்கூடியது என்பதால் நீண்ட நிலையிலேயே தையல் விழுந்தது. அடியில் பட்டர் பேப்பர் வைத்து 9ஆம் எண் ஊசி போட்டுத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுத்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். செய்தித்தாளை வைக்கக் கூடாது, மை ஒட்டும்.

மற்றது வடிவத்தால் வந்தது. எந்த மிஷினாலும் தீராது. நேரான ரேந்தை வளைவில் போகும்போது வெளி ஓரம் 45 செ.மீ. ஆரத்தில் ஓடுகிறது, உள் ஓரம் 41 செ.மீ. ஆரத்தில். வெளியே 71 செ.மீ. போகும் இடத்தில் உள்ளே 64தான் வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் உள் ஓரத்தில் 6 செ.மீ.க்கு மேல் மிச்சம். அந்த மிச்சத்தை எங்காவது ஒளித்தாக வேண்டும். இல்லையென்றால் அது நெட்டைப் பிடித்து இழுக்கும்.

தையலைப் பிரிக்கும்போது வலையில் இரண்டு ஓட்டை விழுந்தது. சுற்றிலும் ஒன்றரை செ.மீ. வெட்டிக் கழித்தார்கள். 242 என்று கூடுதலாக வைத்தது இங்கே கைகொடுத்தது.

இரண்டாம் முறை கைத்தையல். ரேந்தையின் நேரான உள் ஓரத்தில், மூலை வரும் நீளத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய நூலை ஓட்டி, 71 செ.மீ. 64 ஆகும்வரை சீராகச் சுருக்கினார்கள். ஒரே இடத்தில் குவிக்காமல், ஒவ்வொரு பூவுக்கும் இடையே கொஞ்சம் கொஞ்சமாக. வெள்ளைத் துணி போட்டு அதன்மேல் ஆவி காட்டியதும் சுருக்கம் அடங்கி, ரேந்தையே வளைந்து பின்னியதுபோல் படுத்தது. பின்னர் நெட்டை மேசையில் பரப்பி, தூக்காமல், 10ஆம் எண் கை ஊசியில் ஒற்றை நூலால் 7 மி.மீ.க்கு ஒரு தையல். உள் ஓரத்தில் ஒரு வரிசை, வெளி ஓரத்தில் ஒரு வரிசை. நூலை இறுக்கவில்லை. முனைகள் இரண்டையும் ஒரு பூ முடியும் இடத்தில் அடியில் மடித்து முடித்தார்கள். நான்கு மாலைகளில் 9 மணி நேரம் போனது.

சுருக்கமும் சீப்பும்

மேல் விளிம்பின் 110 செ.மீ.யில் அரை செ.மீ. தள்ளி ஒரு வரிசை, ஒரு செ.மீ. தள்ளி இன்னொரு வரிசை ஓடுதையல். பொத்தான் தைக்கும் உறுதியான நூல், இரட்டையாக. ஒற்றை வரிசை போட்டால் சுருக்கம் திருகும். நூல் அறுந்தால் எல்லாமும் போகும். விளிம்பை நான்காகப் பிரித்து வண்ண நூல் கட்டி, சீப்பையும் நான்காகக் குறித்து, கால் கால் பங்காகச் சுருக்கிப் பொருத்தினார்கள்.

சீப்பு 10 செ.மீ. அகல உலோகம். பிளாஸ்டிக்கை எடுக்கவில்லை, பல் உடையும். வெறும் உலோகத்தில் தைத்தால் நெட்டு இருபக்கமும் வழுக்கி ஓடும். அதனால் முதலில் 6 மி.மீ. சாட்டின் ரிப்பனை ஒவ்வொரு பல்லுக்கிடையிலும் நுழைத்துச் சுற்றி, அந்த ரிப்பனில்தான் நெட்டைத் தைத்தார்கள்.

எந்தப் பக்கம் தைப்பது என்பதில் பலர் தவறுவார்கள். சீப்பின் குழிந்த பக்கம் தலையை அணைய வேண்டும். பற்களைக் கீழே பார்க்கவிட்டு, புடைத்த பக்கம் நம்மைப் பார்க்க வைத்துக்கொண்டு, நெட்டின் வெட்டிய விளிம்பு பற்களை நோக்கிக் கீழேயும் நெட்டின் உடல் மேலேயும் இருக்கும்படி தைக்க வேண்டும். தலையில் குத்தியபின் நெட்டைப் பின்னால் புரட்டிவிட்டால் தையல், ரிப்பன், சாயக்கோடு எல்லாம் அடியில் மறையும். மாற்றித் தைத்தால் சுருக்கத்தின் வெட்டுவாய் உச்சியில் பூனைமீசைபோல் நிற்கும்.

சீப்பின் இரு முனையிலும் சின்ன எலாஸ்டிக் வளையம் ஒன்று வைத்தார்கள். கறுப்பு ஸ்லைடு அதனுள் போய் முடியைப் பிடிக்க. முடிந்தபின் எல்லாம் சேர்த்து 140 கிராம்.

ஒத்திகை

திருமணத்துக்கு 9 நாள் முன், கொண்டை போட்டு, குதிகால் செருப்பும் ஒரு பருத்திச் சேலையும் உடுத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தங்கையும் அன்று வந்திருந்தார்.

விசிறிக் காற்றில் பக்க விளிம்புகள் எழும்பி முகத்தில் விழுந்தன. ரேந்தை இல்லாத வெறும் விளிம்பில் 10 செ.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. முத்துமணிகளைத் தைத்தார்கள். ஓரளவுதான் அடங்கியது.

பெரிய சிக்கல் தாலி. தங்கச் செயினில் கோத்த தாலி. கழுத்துக்குப் பின்னால் கொக்கி மாட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் நெட்டு திரண்டு நிற்கிறது. வேறொரு செயினை வைத்து நாத்தனார் மாட்டிப் பார்த்தபோது கொக்கியின் திறந்த வாய் வலைக்கண்ணில் நுழைந்தது. “மதினி, அசையாதீங்க, கொக்கி நெட்டுல மாட்டிக்கிட்டு” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மணப்பெண் திரும்பிவிட்டார். வலையில் பயறு அளவு கிழிசல். அந்த இடத்தில் ஒரு முத்து வைத்து மறைத்தார்கள்.

அதன்பின் ஒரு முறையை வகுத்தார்கள். தாலிக்கு முன் நாத்தனார் மணப்பெண்ணின் இடப்பக்கம் பின்னால் நிற்பார். பிடரியருகே நெட்டை ஒரு கைப்பிடியாகச் சேர்த்து வலத்தோள் வழியாக முன்னால் விடுவார். அதைத் தோழி பிடித்துக்கொள்வார். மாப்பிள்ளை செயினைக் கொண்டுவந்ததும் நாத்தனார் கொக்கியை மாட்டுவார். கொக்கி மூடியதை விரலால் தடவிப் பார்த்தபின்தான் நெட்டு பின்னால் வரும். நான்கு முறை பழகினார்கள்.

சுருக்கங்களை நீக்கும் வேலை இருந்தது. மீதித் துண்டில் இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைத்த இடம் உடனே சுருங்கிக் கெட்டியானது. நெட்டை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, ஆவிப் பெட்டியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆவி மட்டும் காட்டினார்கள். பின் துவைத்த வேட்டியோடு சேர்த்து அட்டைக் குழாயில் சுருட்டிவைத்தார்கள்.

திருமண நாள்

காரில் உட்கார்ந்தால் நசுங்கும் என்பதால் நெட்டைக் குழாயோடு கொண்டுபோய் ஆலயத்து அறையில்தான் வைத்தார்கள். சீப்பு போகும் இடத்து முடியை மட்டும் பின்னோக்கிச் சீவி அடர்த்தியாக்கி, சீப்பைக் குத்தி, வளையங்களில் ஸ்லைடும் இருபுறம் கொண்டை ஊசியும் போட்டார்கள். எட்டு நிமிட வேலை. பீடத்துக்கு முன்னாலிருந்த இரண்டு மின்விசிறிகளை நிறுத்தும்படி ஆலயப் பணியாளரிடம் முன்பே கேட்டிருந்தார்கள். முத்துமணி செய்யாததை அது செய்தது.

தாலி ஒரே தடவையில் மாட்டியது.

திரும்பி வாசலுக்கு வரும்போது பின்னால் பூப்பெண்ணாக வந்த சிறுமி வாலை மிதித்துவிட்டாள். மணப்பெண் ஓர் அடி எடுத்துவைத்தபின்தான் தலை பின்னால் இழுபட்டது தெரிந்தது. சீப்பு அசையவில்லை, வளையத்து ஸ்லைடுகள் பிடித்துக்கொண்டன. ரேந்தையும் அறவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த நெட்டு, ரேந்தையின் உள் ஓரத்தையொட்டி 3 செ.மீ. கிழிந்தது. எங்கோ ஓரிடம் போகத்தான் வேண்டும் என்றால் அங்கே போனது நல்லதே. பாட்டியின் நூலுக்கு மாற்று இல்லை.

வாசலில் ரோஜா மாலை போட்டபோது நெட்டைத் தூக்கி மாலைக்கு மேல் விட மறந்துவிட்டார்கள். மாலையின் ஈரம் பிடரிப் பக்கம் ஊறி, உள்ளங்கை அளவுக்குப் பச்சையும் பழுப்புமாகக் கறை. அன்று மாலையே குளிர்ந்த நீரில் அலசியதில் பெரும்பகுதி போனது. மங்கிய வளையம் ஒன்று நின்றுவிட்டது.

அடுத்த முறை மாற்றுபவை

வால் 45 செ.மீ. போதும். 75 என்பது ஆளில்லாத ஆலயத்தில் அழகு. பின்னால் குழந்தைகள் வரும் ஊர்வலத்தில் அது மிதிபடும் நீளம். அதையே வைப்பதென்றால் வாலின் நடுவே ரிப்பன் வளையம் ஒன்று தைத்து, திரும்பி வரும்போது மணப்பெண் அதை விரலில் மாட்டித் தூக்கிக்கொள்ள வேண்டும்.

சாயத்துக்கு அண்டா போதாது. நெட்டு மடியாமல் மிதக்கும் அளவுக்குக் குழந்தைகள் குளிக்கும் பெரிய தொட்டி வேண்டும். தண்ணீர் கூடும் விகிதத்தில் தேயிலையும் கூட வேண்டும்.

தாலிக் கொக்கியின் வாயைத் திருமணத்துக்கு முன்பே பொற்கொல்லரிடம் கொடுத்து மழுங்கத் தேய்த்து வாங்கலாம். கழுத்தில் உரசும் பகுதியையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்.

மாலையைப் பொறுத்தவரை, அதைக் கொண்டுவருபவரிடம் ஒரு துண்டும் கொடுத்துவிட வேண்டும். பூக்கடையிலிருந்து வரும் மாலை எப்போதும் ஈரமாகத்தான் வரும்.

ரேந்தையை 7 மி.மீ.க்கு ஒரு தையலாகப் போட்டது தைக்கும்போது பொறுமையைச் சோதித்தது. ஆனால் ஒற்றை நூல், இறுக்காத தையல் என்பதால் பிரித்தெடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நெட்டு, சீப்பு, ரிப்பன், முத்து எல்லாம் சேர்த்து ஆன செலவு 580 ரூபாய். கடையில் ஆயத்த முக்காட்டுக்குச் சொன்ன விலை 3,800. கறைபட்ட நெட்டை வைத்துக்கொள்ளவில்லை. ரேந்தையை மறுபடி அலசி, கஞ்சி போடாமல், வெள்ளைத் துணியில் சுருட்டி அதே பெட்டியில் வைத்திருக்கிறார்கள்: 3.28 மீட்டர், ஒரு பூவும் குறையாமல்.